ஒன்றும் நடக்காத இருபத்திரண்டு நிமிடங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம் என்றுதான் தொடங்க வேண்டும். நலம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அத்தான் சிரிப்பார். போனில் நான் ஹலோ என்றாலே எனக்கு உடம்புக்கு என்ன என்று நீ சொல்லிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல். ஏழாவது மாடி. ஜன்னல் திறக்காது. கனமான திரையை இழுத்துவிட்டால் பகல் இருட்டாகிவிடுகிறது. உடம்புதான் ஏமாறுவதில்லை. இந்த வாரம் மூன்று ஊர், மூன்று கட்டில். எழுந்ததும் குளியலறை எந்தப் பக்கம் என்று சுவரைத் தடவுகிறேன். நேற்று அலமாரியைத் திறந்து உள்ளே ஒரு காலையும் வைத்துவிட்டேன். நீ பார்த்திருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

சளி பிடித்து ஒரு வாரம். விமானம் இறங்கும்போது காதுக்குள் ஆணி இறங்குகிறது. மேலே காற்று மெலிது, வறண்டது. உயரமான மலையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக நினைத்துக்கொள். உதடு வெடிக்கும். கண்ணில் மணல். மாமாவுக்கு மேலே ஜாலியா என்று உன் வாலுப் பெண் கேட்டாளாமே. ஜாலிதான் என்று சொல்.

முன்னால் வானம் முழுவதும் இருக்கிறது. நான் இருக்கும் இடமோ இரண்டு நாற்காலி, தோளில் வார், உள்ளிருந்து பூட்டிய கதவு. காலை நீட்ட இடமில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் வாலைக் கூட்டிக்கொண்டு என் விமானத்திலேயே வருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். ரயிலில் வா. ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவளுக்கு ஆடு மாடெல்லாம் தெரியும். பதினான்கு மணி நேரம்தான். காரணம் ஒன்றும் இல்லை.

அத்தானுக்கு அன்பைச் சொல். வாலுக்கு முத்தம்.

தம்பி

*

அக்கா,

உன் பதில் வந்தது. "பதினாலு மணி நேரம் இந்த வாலை வெச்சுக்கிட்டு நானா? நீ எப்போடா ரயில்வேயில சேர்ந்த?" என்று கேட்டிருக்கிறாய். சிரித்தேன். அதற்கு அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. "என் தம்பி ஓட்டுற பிளேன்ல ஏறாம வேற யார் பிளேன்ல நான் ஏறுவேன்?"

காரணம் இருக்கிறது.

முதல் கடிதம் எழுதிய அதே நாள், எழுதுவதற்குச் சில மணி நேரம் முன்பு, மதியம். கண் கூசும் வெயில், மேகமில்லாத வானம். விடியலுக்கு முன்பே தொடங்கிய வேலை நாள். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீண்ட பயணத்தில் இரண்டு பைலட்டுகளில் ஒருவர் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே கொஞ்சம் தூங்கலாம். அனுமதி உள்ளது. மற்றவர் விழித்திருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை வெளியிலிருந்து பணிப்பெண்களின் தலைவி, நாங்கள் மேடம் என்போம், போன் செய்து எங்கள் குரலைக் கேட்பார்.

கேப்டனை நாங்கள் சோடாபுட்டி என்போம், அவர் இல்லாதபோது. "நாப்பது நிமிஷம் தம்பி. எழுப்பிவிடு" என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். சரி சார் என்றேன்.

எழுப்பவில்லை.

மேடம் போன் செய்திருக்கிறார். மறுபடியும். மூன்றாம் முறையும். பிறகு கதவுக்கு வெளியே அவசர எண்ணை அழுத்தியிருக்கிறார். உள்ளே அலறிய மணியில்தான் நான் கண்ணைத் திறந்தேன். கடைசியாக நேரம் பார்த்ததற்கும் இதற்கும் இடையே இருபத்திரண்டு நிமிடங்கள். விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் நூற்று எண்பத்தாறு பேர். யாரோ ஒரு குழந்தை சிரிக்கும் சத்தம், கதவு திறந்தபோது.

அன்று காலை சளிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தேன். எந்த மாத்திரை என்று உனக்குத் தெரியும். "இதைப் போட்டுட்டு ஸ்கூட்டர்கூட எடுக்காதீங்க" என்று உன் மருந்துக்கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்வாயே, அதுதான். அந்த மாதம் ஏற்கனவே இரண்டு முறை உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்திருந்தேன். மூன்றாம் முறை கேட்டால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பயந்து மாத்திரை.

குழுவுக்கு ஏன் பயம்? ஐந்து மாதமாக நான் தூங்கவில்லை, அக்கா. கண்ணை மூடினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பரிசோதனையின்போது டாக்டர் கோப்பைப் பார்த்துக்கொண்டே "நல்லா தூங்குறீங்களா?" என்றார். "நல்லா தூங்குறேன் சார்." படிவத்தில் கேள்விகள் வரிசையாக இருந்தன. படபடப்பு உண்டா, மனச்சோர்வு உண்டா. இல்லை, இல்லை, இல்லை. பேனா தானாக எழுதியது. உண்டு என்று ஒன்றில் எழுதினால் அன்றைக்கே பறக்கும் உரிமையை நிறுத்திவைப்பார்கள். திரும்பக் கிடைக்க ஆறு மாதம் ஆகலாம். கிடைக்காமலும் போகலாம். சொன்னால் பறக்க முடியாது. சொல்லாவிட்டால் பறக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தேன்.

தரையிறங்கியதும் கேப்டன் என் தோளில் கை வைத்தார். "ஒண்ணும் நடக்கலையே தம்பி. நடக்காததை எதுக்கு எழுதணும்? எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்தான்." மேடம் வேறு மாதிரி. "கேட்டாங்கன்னா பொய் சொல்லமாட்டேன். கேக்கலைன்னா நானா போய்ச் சொல்லமாட்டேன். நீங்க படிச்சவங்க, நீங்களே பாத்துக்கங்க." அதற்குப் பிறகு அவர் என்னோடு வரும் நாட்களில் கால்மணிக்கு ஒருமுறை போன் செய்கிறார். "காபி வேணுமா சார்?" வேண்டாம் மேடம். "சரி, சும்மா கேட்டேன்."

ஆம், அதற்குப் பிறகும் பறந்தேன். நான்கு முறை. தூங்கிவிடாமலிருக்க உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டு. ஒவ்வொரு முறையும் ஏறுபவர்களைக் கதவோரம் நின்று பார்த்தேன். யாருடைய அக்காவோ, யாருடைய வாலோ. உனக்கு மட்டும் ரயில் என்று எழுதிய கை என்னுடையதுதான். அவர்களுக்கு யாரும் எழுதவில்லை.

நடந்ததை எழுதிக் கொடுக்கப் பத்து நாள் அவகாசம். நாளை பத்தாவது நாள். நாளை காலை பறப்பவர்கள் பட்டியலிலும் நான் இருக்கிறேன்.

எழுதிக் கொடுக்கப்போவதாக இன்று கேப்டனிடம் சொன்னேன். "போட்டுக்குடுக்கப் போறியா?" என்றார். என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன் சார் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "எனக்கும் தூக்கம் போய் வருஷமாச்சுப்பா" என்றார். பிறகு, "இதை எழுதிடாதே."

எழுதவில்லை. அவருடைய கதவை அவர்தான் திறக்க வேண்டும். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இதுவும் தவறா என்று தெரியவில்லை.

படிவத்தை நிரப்பிவிட்டேன். மாத்திரை, ஐந்து மாதம், இருபத்திரண்டு நிமிடம், எல்லாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும். அலுவலக வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேன். அதனால் முதலில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். பெட்டிக்குள் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. உனக்குத் தெரிந்த பிறகு என்னால் தப்பிக்கவும் முடியாது. தபால்பெட்டிக்கு எதிரேதான் அலுவலகம். சாலையைக் கடந்தால் போதும்.

அத்தானிடம் நீயே சொல். அப்பாவிடம் நான் சொல்கிறேன், கொஞ்ச நாள் கொடு.

ஒன்று மட்டும் செய்வாயா? தினமும் போன் செய். தூங்கினாயா என்று கேள். தூங்கினேன் அக்கா என்பேன், உடனே, நல்ல குரலில். அந்தப் பதிலை நம்பிப் போனை வைத்துவிடாதே. இன்னொரு முறை கேள்.

உன் தம்பி