மூங்கில் பெட்டிக்குள் என் படம்

என் வீட்டை ஆளும் மகாராணிக்கு,

வணக்கம். மூட்டுவலி தேவலையா? மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாயா? நான் கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருக்கிறேன். இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு.

எங்கள் பட்டறையில் மூங்கிலைப் பின்னிச் சவப்பெட்டி செய்கிறோம் அல்லவா? ஆணி, வார்னிஷ், பிளாஸ்டிக் எதுவும் கிடையாது. ஆளோடு சேர்ந்து பெட்டியும் மண்ணாகிவிடும். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். போன வாரம் புதுப் பெட்டி கனம் தாங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"உன்னை விட்டா யானையைத்தான் பிடிக்கணும், ஏறிப் படுய்யா" என்றார் முதலாளி.

படுத்தேன். பதினோரு பேர் குறட்டை விடும் அறையில் கண் மூடாதவன், அங்கே அசந்து தூங்கிவிட்டேன்.

அந்தப் பாவி மனுஷன் அதைப் படமெடுத்து இன்டர்நெட்டில் விளம்பரமாகப் போட்டுவிட்டான்! கீழே, 'மண்ணுக்குத் தீங்கில்லாத நிம்மதி' என்று எழுத்து வேறு. எனக்கு வந்த கோபத்தில் பட்டறைக் கூரை இரண்டடி மேலே போய் இறங்கியது.

"படத்தை எடுங்க. என் பொண்டாட்டி பார்த்தா என்ன ஆவா?"

"அவ்வளவு தூரத்துல யாருய்யா பார்க்கப் போறா?"

யாரா? நாள் முழுக்கப் போனும் கையுமாகத் திரியும் உன் தம்பி ஒருவன் போதாதா? படத்தை எடுக்கும்வரை ஒரு மூங்கிலையும் தொட மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேலை போனாலும் போகட்டும். உயிரோடிருப்பவனுக்கு மூன்று வருஷமாக லீவு இல்லை. செத்தவனாக மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறேன்!

யார் எதைக் காட்டினாலும் அழாதே. போனைச் சார்ஜ் போட்டு வை. ஞாயிறு காலை வீடியோவில் வருகிறேன். திட்டுவதற்காவது எடு, உன் குரலைக் கேட்டு இருபது நாளாகிறது.

முதலாளி வருகிறார். சண்டைக்குப் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்