எப்படித் திருப்பினாலும் அதே நட்சத்திரம்

நம் பெரியவளின் அம்மாவுக்கு, இங்கே நலம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல, என்னோடு அறையில் தங்கியிருக்கும் தம்பி எழுதுகிறான்.

நான் கூட்டித் துடைக்கும் கல்லூரியில், கணக்கு வாத்தியாரம்மா அறையில் தூசி துடைக்கும்போது, அவர் செய்துவைத்த கம்பி நட்சத்திரம் உருண்டுவிட்டது. எந்த முனை மேலே இருந்ததென்று தெரியாமல், வேலை போயிற்று என்று நின்றேன்.

அவர் சிரித்தார். "கண்ண மூடுங்க பெரியவரே." திறந்ததும், "இப்ப திருப்பினேனா, இல்லையா?"

கல்யாணத்தன்று உன் புடவையில் இருந்த கிழிசல்கூட எனக்கு ஞாபகம். ஆனால் அவர் அதைத் திருப்பினாரா என்று சொல்லத் தெரியவில்லை.

"எந்த முனைய மேல வெச்சாலும் இது இதேதான். அதோ அலமாரியில நான் செஞ்சு வெச்சிருக்கிற கம்பி உருண்டையும் இப்படித்தான், எப்படித் திருப்பினாலும் மாறாது. இதே கணக்குதான், உருவந்தான் வேற" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது.

தம்பி வேலைக்குக் கிளம்புகிறான், நிறுத்துகிறேன். உன் போட்டோ ஒன்று அனுப்பு. எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் சரி.