கார்ப்பெட்டுக்கு அடியில் பாச்சை உருண்டை

மச்சான்,

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் விரலில் பாச்சை உருண்டை வாசனை போகமாட்டேன் என்கிறது. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே போடுவார்களே, அதே வாசனை. இதன் கதை என் சிவப்புக் காரில் தொடங்கியது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பதெல்லாம் இந்த விஷயத்தில் செல்லாது.

காரை மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் அவ்வளவு தாழ்ந்த சீட்டில் குனிந்து உட்கார முடியவில்லை. உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியவில்லை. உயரமான வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு இதைக் கொடுத்துவிடலாம் என்று கடலூரில் ஒரு ஷோரூமுக்கு ஓட்டிப் போனேன்.

நீ அன்றைக்கே சொன்னாய். வாங்கின ஜோரில் அதைச் சிதம்பரத்துக்கு ஓட்டி வந்து உன் வீட்டு வாசலில் நிறுத்தி ஓர் உறுமு உறும வைத்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. நீ மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டு அளந்தாய். "இது ஓடற வண்டி இல்ல மச்சான், கரையற வண்டி. நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கருக்கு இத எவன் செகண்ட்ஸ்ல வாங்குவான்?" என்றாய். வயிற்றெரிச்சலில் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைத்ததற்கு நீயும்தான் காரணம். எதைத்தான் நீ நம்பினாய்? கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பைக் கீழக் கோபுரத்திலும் இன்னொன்றைத் தெற்குக் கோபுரத்திலும் விடுவாய். ஜோடியாக இல்லாவிட்டால் எவனும் எடுக்கமாட்டான் என்பது உன் கணக்கு. அதற்காக உச்சி வெயிலில் ஒற்றைக் காலில் செருப்போடு தத்தித் தத்திப் போவாய். டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். உன் லோடு ஆட்டோவை மட்டும் யார் கேட்டாலும் தரமாட்டாய். சோறு போடுகிற வண்டியில் எவனும் கை வைக்கக்கூடாது என்பாய்.

ஷோரூமில் விலை போட வந்தவன் ஒல்லியான ஆள், மரியாதையாகத்தான் பேசினான். அந்த மரியாதையே எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த மாதிரி சின்ன ஸ்போர்ட்ஸ் வண்டியை விடலைப் பையன்கள்தான் கேட்பார்கள், அவர்களுக்கு லோன் கிடைக்காது, குடும்பஸ்தர்கள் பின்சீட்டைப் பார்த்ததுமே கிளம்பிவிடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்ல விலை இறங்கியது. கடைசியில் அவன் சொன்னது நான் வாங்கிய விலையில் பாதிகூட இல்லை. உள்ளே யாரோ கமிஷன் அடிக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் அவன் டிரைவர் சீட்டுப் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினான். ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் கரைந்து மிளகளவுக்குச் சிறுத்துவிட்ட பாச்சை உருண்டைகள்.

"ஈர வாசனைய மறைக்கத்தான் சார் இத வெப்பாங்க. தண்ணி ஏறுன வண்டியா?"

இல்லவே இல்லை என்றேன். செகண்ட்ஸ் வண்டி பார்க்கும்போது நீ செய்வாயே, அதே மாதிரி சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினேன். தண்ணீர் ஏறியிருந்தால் படிந்திருக்கும் சேற்றுக் கோடு ஒன்றுமில்லை. அவன் சிரித்தான். பெல்ட்டை மாற்றிவிடலாமே சார் என்றான். சொன்ன விலையையும் இன்னும் அடிமட்டத்துக்கு இறக்கினான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்தத் துணி மடியில் கிடந்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி. உன்னுடையது.

என் புத்தி போன போக்கைக் கேள். அப்பா ஆபரேஷனுக்காக நாங்கள் சென்னையில் இருந்த அந்த மழைக்காலத்தில், எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று காரை உன்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்தத் தடவை பார்த்து உங்கள் பக்கம்தான் வெள்ளம் வந்தது. திரும்பி வந்தபோது கார் பளபளவென்று நின்றது. உன் லோடு ஆட்டோவைக் காணோம். அலுத்துப்போச்சு, வித்துட்டேன் என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு யாரோ ஒருவரின் வேனுக்குச் சம்பள டிரைவராகப் போனாய். இதையெல்லாம் இப்போது கோத்துப் பார்த்தேன். கார் முழுகியிருக்கிறது, ஆட்டோவை விற்று ரகசியமாக ரிப்பேர் செய்திருக்கிறாய், என்னிடம் மறைத்துவிட்டாய். உலகத்தையே சந்தேகப்பட்டவன் என்னை ஏமாற்றிவிட்டானே என்று ஆத்திரமாக வந்தது. பணம் போனதைவிட அதுதான் வலித்தது. செத்துப்போனவனிடம் சட்டையைப் பிடித்துக் கேட்கவும் முடியாது.

மறுநாள் சிதம்பரத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி காப்பி கொடுத்தாள். நான் துணியை மட்டும் எடுத்து வைத்தேன். அவள் அதை மடியில் போட்டு நீவிக்கொண்டே இருந்தாள்.

"எலிக்குப் போட்டதுண்ணே. வெள்ளத்துல எலியெல்லாம் மேம்பாலத்துக்கு ஏறிடுச்சு. ஒங்க வண்டி ஒயர கடிச்சிரும்னு காருலியே படுத்துக் கெடந்தாரு."

தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் நீ முதலில் என் காரைத்தான் மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டாயாம். திரும்பி ஓடி வருவதற்குள் ஆட்டோ முழுகிவிட்டதாம். எஞ்சின் போய், அதைக் காயலான் கடைக்குத்தான் போட்டாயாம்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா மச்சான் புது ஆட்டோ வாங்கித் தரேன்னு வந்து நிப்பான், அது ஒரு தொல்லன்னாரு." பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப நீங்க காசு கீசுன்னு எடுத்துக்கினு வந்தீங்கன்னா, அவரு மாதிரியே நானும் ஒங்கள சந்தேகப்படுவேண்ணே."

மச்சான், நான் அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை.

மறுபடி ஷோரூமுக்குப் போய் மேம்பாலத்துக் கதையைச் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க என்றான். சீட்டைக் கழற்றிப் பாருங்கள் என்று அங்கேயே நின்றேன். கழற்றினார்கள். போல்ட்டில் துளி துரு இல்லை. வெள்ளத்துக்காகக் குறைத்ததை மட்டும் திரும்ப ஏற்றினான். மற்றபடி நீ சொன்ன மாதிரி கரைந்தது கரைந்ததுதான். பேரம் பேசாமல் சாவியைக் கொடுத்தேன். உன் ஆட்டோ போன விலைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

புது வண்டியில் அப்பா சிரமமில்லாமல் ஏறி உட்கார்ந்தார். இன்று காலையில் கடையில் பாச்சை உருண்டை வாங்கி வந்து, தங்கச்சியிடம் கேட்டு வாங்கிய அந்தத் துணியில் முடிந்து, டிரைவர் சீட்டுப் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கி வைத்துவிட்டேன். என்றைக்காவது இந்தப் புது வண்டியை விற்கப் போகும்போது எவனாவது மோந்து பார்த்து, தண்ணி ஏறின வண்டியா என்று விலையைக் குறைப்பான்.

குறைக்கட்டும் மச்சான்.