ஓசி மாட்டுக்குப் பல் பார்த்த மாதம்

மே 4

காலையிலேயே அண்ணனோடு முட்டல். நாங்கள் இருவரும் நடத்தும் இந்த லிஃப்ட் பரிசோதனை நிறுவனத்தில் மொத்தமே ஆறு மேசைகள். ஆறிலும் ஓடும் பழைய ஆபீஸ் மென்பொருளுக்கு இந்த மாதத்தோடு ஆயுசு முடிகிறது. புதியது ஐந்து கணினிகளில் ஏறும். டைப்பிஸ்ட் அக்காவின் கணினியில் மட்டும் ஏறாது, அவ்வளவு பழசு.

"அக்காவுக்கும்தான் வயசாச்சு. நல்லபடியா அனுப்பி வச்சிடலாமே" என்றார் அண்ணன். எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடம்! இவர் எழுதும் அறிக்கைகளின் பிழையெல்லாம் சந்தி சிரிக்காமல் காப்பாற்றியது யார்?

"இலவசமா ஒண்ணு இருக்குண்ணா. உள்ளே எப்படி எழுதியிருக்காங்கன்னுகூடத் திறந்தே வச்சிருக்காங்க. பழைய கணினியிலயும் ஓடும்."

"ஓசியில வர்றது ஆபீசுக்கு ஆகுமா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"முப்பத்தொண்ணு வரைக்கும் பாரு. ஆகாதுன்னா அப்புறம் பேச்சே கிடையாது."

மே 5

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதாம். நான் பார்ப்பேன். உழப்போவது நாங்கள்தானே.

மே 8

அக்காவின் கணினியில் ஏற்றியாயிற்று. ஒரு தும்மல்கூட இல்லாமல் ஓடுகிறது. அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை. "வேற வீட்டு சமையல்கட்டுல உப்பு தேடற மாதிரி இருக்கும்மா" என்றார். ஆனாலும் தேடினார். அடிக்கும்போது வழக்கம்போல உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

அவருடைய வேலை இதில்தான் தொங்குகிறது என்று நான் சொல்லவில்லை. தெரிந்திருக்குமோ?

மே 12

கடிதங்கள் சரி. பிடிஎஃப் சரி. அண்ணனின் அட்டவணைத் தாள் சரியில்லை. பொத்தானை அமுக்கினால் தானாக வரைபடம் போட வேண்டிய மேக்ரோ அசையவே மாட்டேன் என்கிறது. இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன். பல் பார்ப்பது என்றால் சொத்தையையும் பார்க்க வேண்டும்.

மே 15

போச்சு.

எங்கள் பெரிய வாடிக்கையாளரான மருத்துவமனையின் மாத அறிக்கையை இலவச மென்பொருளில் திறந்து அச்சடித்தேன். ஐந்து லிஃப்டுக்கு அருகருகே ஐந்து பத்திகள். எல்லாம் நண்டு நடந்த மாதிரி பக்கவாட்டில் நகர்ந்திருந்தன. கயிறு மாற்ற வேண்டியது நான்காவது லிஃப்டில். தாளில் ஐந்தாவதுக்குக் கீழே "மாற்றவும்" என்று நிற்கிறது. இது போய்ச் சேர்ந்திருந்தால்? தேய்ந்த கயிற்றில் நோயாளிகள் ஏறி இறங்க, நல்ல கயிற்றைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணன் தாளைப் பார்த்தார். பிறகு காலண்டரில் முப்பத்தொன்றைப் பார்த்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

மே 16

வேலை ஓடவில்லை. நான் என்ன, வீம்புக்கு நிற்கிறேனா?

மே 18

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அதே அறிக்கையை முதலிலிருந்து அடிக்கச் சொன்னேன். உதடுகள் அசைந்தன. இன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன்.

"பதினஞ்சு, பதினாறு, பதினேழு."

"என்னக்கா எண்ணுறீங்க?"

"ஸ்பேஸ்தான். தலைப்புக்குப் பதினேழு, அடுத்த பத்திக்கு ஒன்பது. டைப்ரைட்டிங் கிளாஸ்ல அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க?"

இருபத்திரண்டு வருடமாகப் பத்திகளை நேராக நிறுத்தி வைத்திருந்தது இந்த எண்ணிக்கைதான்! தட்டச்சு இயந்திரத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அதே மாதிரியான ஓர் எழுத்துருவைப் பழைய மென்பொருளில் வைத்திருந்தோம். இலவசத்தில் அது இல்லை. வேறொன்று வந்து உட்கார, கோட்டை சரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பழைய மென்பொருளிலேயே எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் அதே நண்டு!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குதிக்க வேண்டும் போலிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

"அப்போ இத்தனை வருஷமா நான் தப்பாத்தான் அடிச்சேனா?"

"ஒரு பத்திகூடக் கோணினதில்லையேக்கா" என்றேன். உண்மைதான். ஆனால் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குப் போனார்.

மே 19

அக்கா லீவு.

மே 20

வந்துவிட்டார், எனக்கு முன்பே. "ஸ்பேஸ் தட்டாம, கட்டம் போட்டு டேபிளா அடிக்கறது எப்படின்னு காட்டும்மா." காட்டினேன். மதியத்துக்குள் எனக்கே தெரியாத இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்திருந்தார். கட்டத்துக்குள் போட்டது அந்தந்த லிஃப்டை விட்டு அசையவில்லை. எழுத்துருவை நான்கு முறை மாற்றியும் பார்த்தேன்.

மே 26

புது அறிக்கையை மருத்துவமனைப் பொறியாளருக்கு அனுப்பினேன். அவர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் திறந்து, தன் குறிப்புகளைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். கட்டங்கள் கட்டங்களாகவே வந்தன. "இந்தத் தடவை படிக்கச் சுலபமா இருக்கு. யார் செஞ்சது?" என்று போனில் கேட்டார். போனை அக்காவிடம் நீட்டினேன்.

மே 30

அண்ணனிடம் ஒரே தாளில் கொடுத்தேன். கடிதமும் அறிக்கையும்: தயார். மேக்ரோ: தயாரில்லை. ஆகவே ஐந்து மேசைக்கு இலவசம், அண்ணன் மேசைக்கு மட்டும் விலைக்கு வாங்குவது. முதல் மாதம் ஒவ்வோர் அறிக்கையும் அச்சடித்துச் சரிபார்த்த பிறகே வெளியே போகும்.

"குறையையும் நீயே எழுதியிருக்கே" என்றார்.

"இல்லேன்னா நம்புவியா?"

கையெழுத்துப் போட்டார். "பசங்களுக்கு யார் கத்துக் குடுப்பா?" என்று கேட்டார். பதில் அவருக்கே தெரிந்திருந்தது. அக்காவின் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாடா.

ஜூன் 19

மழை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அக்காவின் உதடுகள் மறுபடியும் அசைவதைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா! மறுபடியும் ஸ்பேஸா?"

"சேச்சே. யார் யாருக்குச் சொல்லிக் குடுத்தாச்சுன்னு எண்ணுறேன். நீ, நாலாவது மேசைத் தம்பி, ரெண்டு இன்ஸ்பெக்டர்." விரலை மடக்கினார். "நம்ம சார், உங்க அண்ணன் மட்டும்தான் பாக்கி. அவரே நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார்."