மீன் மார்க் சாக்கு

நேற்று ரிஷிவந்தியத்தில் நல்ல மழை. டீக்கடைக்குள் ஒருவர் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். திரும்பி நின்றதும் முதுகில் சிவப்பு மீன். வட்டத்துக்குள் மீன், கண் அடைத்துப்போன மீன். நான் போட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டு மழையிலேயே சைக்கிளை எடுத்தேன்.

உன் சரக்கு கொழும்புக்குப் போகவில்லைடா. நீ செத்து இரண்டு வருஷமாக இந்த ஊர்களில்தான் திரிகிறது. ஏரியிலிருந்து இழுத்த சாக்குகளை அவரவர் எடுத்துப் போனார்கள். மணலூர்பேட்டையில் ஒரு வீட்டுக் குளியல் மறைப்பில்கூடப் பார்த்தேன்.

பத்தாவதில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கோட்டை விட்டோம். நீ உன் அத்தாவின் வெங்காய மண்டிக்குப் போனாய். நான் எந்த வேலையிலும் ஒரு மாதம் தங்கவில்லை. அத்தா உள்ளூர்ச் சந்தையோடு நின்றவர், உனக்குக் கடல் தாண்ட வேண்டும். கொழும்புக் கடைக்காரர் ஒருவர் முதல் லோடு கேட்டிருந்தார். சொன்ன தோணியில் வந்து சேர்ந்தால் இனி எல்லாம் உன்னிடம்தான், தவறினால் வேறு ஆள்.

தகரத்தில் மீனை வெட்டிக்கொண்டு வந்து என் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தாய். எழுத்து போட வேண்டாமா என்றேன்.

"அங்க மூட்ட தூக்கறவன் நம்ம எழுத்தப் படிப்பானாடா? மீனு எல்லாருக்கும் தெரியும்."

கண் ஓட்டையில் மை அடைத்துக்கொண்டே இருந்தது. நான் குத்திவிடவில்லை. அவசரம்.

"குருட்டு மீனாப் போட்டுக்கினு கீறியே, கடல்ல அதுக்கு எப்டிடா வழி தெரியும்?" என்று சிரித்தாய்.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீட்டுக்காக மறியல். நானும் போனேன். அதற்கு இன்றும் வெட்கப்படவில்லை. எங்கள் தெருவில் வேலை இல்லாமல் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று உனக்கே தெரியும். உளுந்தூர்பேட்டை சாலையில் புளியமரத்தைச் சாய்த்ததில் என் கோடாலியும் உண்டு. மத்தியானம், மழை விட்ட நேரம், உன் லாரி வந்து நின்றது. டிரைவர் பயந்துகொண்டு வராததால் நீயே ஓட்டி வந்திருந்தாய்.

மரத்தைக் கொஞ்சம் இழுத்துவிடச் சொன்னாய். பின்னால் எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியாது என்றேன்.

"உனக்கு வேல வரட்டும்டா, நானா வேணான்றேன்? என் வெங்காயம் இன்னா பண்ணுச்சி? உள்ள வேர்த்துக்கினு கீது. நாளைக்குத் தோணி."

"களமருதூர் பக்கம் ஏரிக்கர மேல போய்டு."

"லாரி தாங்குமா?"

"காலைல அதுலதான் வந்தேன். கெட்டியாத்தான் கீது."

வந்தது சைக்கிளில். அதைச் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. லாரிக்காரனோடு என்ன குசுகுசுப்பு என்று யாராவது கேட்குமுன் நீ கிளம்பினால் போதும் என்றிருந்தது. நான் வந்த பிறகு இரண்டு மணி நேரம் மழை கொட்டியதும் எனக்குத் தெரியும். நீ மேலே கேட்கவில்லை. ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுத் திருப்பினாய்.

கரை உள்வாங்கி லாரி ஏரிப் பக்கம் சாய்ந்துவிட்டது. உன்னைத் தூக்கியபோது நானும் இருந்தேன். தண்ணீர் முழுக்க வெங்காயம் மிதந்தது.

மறியல் முடிந்ததும் அந்த மரத்தை நாங்களே இழுத்துப் போட்டோம். பத்துப் பேர். ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று அத்தா ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பாதைய யாருப்பா காட்னது?" கூட்டத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவரே அந்தக் கொழும்புக்காரருக்கு ஒரு லோடு அனுப்புகிறார். நீ வைத்த மார்க்தான் வேண்டுமாம், என்னைத்தான் போடச் சொல்லி ஆள் அனுப்பினார். தகடு என் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. நேற்று வந்ததும் எடுத்து, ஒரு முள்ளால் அந்தக் கண்ணைக் குத்தினேன். மை கல்லாகிக் கிடந்தது. வெகு நேரம் கழித்துத்தான் ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தது.

நாளைக் காலையில் மண்டிக்குப் போகிறேன். தகட்டைக் கொடுக்குமுன் சொல்லிவிட வேண்டும்: "அத்தா, நான் சைக்கிள்லதான் வந்தேன்." அதன் பிறகும் அவர் பிரஷ்ஷை என் கையில் கொடுப்பாரா, தெரியவில்லை.