மிதவையை விழுங்கிய வயிறு

ஏளா விக்டோரியா, மாதா துணையால் நான் நலம். உனக்கு மூட்டுவலி எப்படி?

சொல்ல வெட்கம்தான், கப்பலுக்குக் கொண்டுவந்த சட்டைகளில் ஒன்றுக்குத்தான் இப்போது பொத்தான் பூட்ட முடிகிறது. ஆனாலும் "மாப்ள, மிதவைய முழுங்கிட்டீரா?" என்று உன் அண்ணன் கிளைட்டன் கேட்டதையும், நீ சேர்ந்து சிரித்ததையும் மறக்க மாட்டேன். திருவிழாவுக்கு வரும்போது வயிறு கட்டுக்கட்டாக இருக்கும். அவன் மூஞ்சி கருகணும்.

காலையில் தளத்தைச் சுற்றி ஓட்டம், கொழுப்பு கரைய. என் சமையல் வேலை முடிந்ததும் அரிசி மூட்டை தூக்கல், சதை முறுக்கேற. தின்பதற்கு மக்ரூன் இனிப்பு அனுப்பாதே, அவன் வாயிலேயே திணி. நீ திட்டுவதை மட்டும் போனில் பதிந்து அனுப்பு. அதைக் கேட்டால்தான் கால் ஓடும்.

கேப்டன் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உன் மிதவை,
பவுல்

பி.கு.: நேற்று மூட்டையைத் தூக்கியதில் சட்டைப் பொத்தான் தெறித்துக் கணவாய் மீன் குழம்பில் விழுந்தது. கேப்டன் அதை நெடுநேரம் மென்றுவிட்டு, கணவாய் வேகவில்லை என்றார்.