வலப்பக்கம் போன மாப்பிள்ளை

புரட்டாசி, ஞாயிறு இரவு

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. இந்த வயதில், ஒரு போன் விளையாட்டுக்காக.

முதலில் விவசாய விளையாட்டுதான் ஆடிக்கொண்டிருந்தேன். கேட்டபோதெல்லாம் மழை பெய்ததால் சலித்துவிட்டது. கார் பந்தயத்துக்கு மாறினேன். அது தெரிந்து தங்கை இன்று மாலை கத்தாரிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, இவரும் அதத்தான் வெளையாடுறாரு. சேந்து ஆடுங்களேன்."

அவள் கணவனோடு எனக்குப் பேச்சு இல்லை. கீரனூர் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால், "மச்சான் ஸ்கூட்டர் ஓட்டுனா ஆடு முந்திக்கிட்டுப் போயிரும்" என்றவன். நான் மறக்கவில்லை. தோற்றால் அந்தச் சொல் உண்மையாகிவிடும் என்ற பயத்தோடுதான் உட்கார்ந்தேன்.

போனில் அவன் குரல் கேட்டது. "என்ன மச்சான், ஆடு வந்துருச்சா?"

அவனும் மறக்கவில்லை.

பந்தயச் சாலையில் நம் ஊர் போலவே இடப்பக்கம் போக வேண்டும். கீரனூர் ரோட்டில் போவதைப் போல நான் ஓரமாகவே போனேன். அவன் கத்தாரில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவன். முதல் வளைவிலேயே எதிரே வந்த லாரியில் மோதினான். மறுபடி கிளம்பினான், மறுபடி வலப்பக்கம், மறுபடி லாரி.

"மாப்பிள்ளை, ஆடு தாண்டிப் போயிருச்சு, பாத்தீங்களா?" என்றேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். "இன்னொரு ஆட்டம் வாங்க மச்சான்."

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். ஒரு வேலையும் இல்லை. ஓர் இரவாவது அவன் புரண்டு படுக்கட்டும். காலையில் நானே கூப்பிட வேண்டும், அவன் இடப்பக்கம் பழகுவதற்குள்.